கிழக்குக் காற்றின் நிறம்

1

காலையில் எழுந்ததும் நான் கைபேசியில் இரண்டு வரைபடங்களைப் பார்க்கிறேன். ஒன்று காற்றில் எவ்வளவு புகை, எவ்வளவு தூசு என்று நிறம் பூசிக் காட்டும். இன்னொன்று எந்த மரத்தின் மகரந்தம் இன்று எவ்வளவு பறக்கும் என்று காட்டும். பல் தேய்ப்பது, காப்பி போடுவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். தூத்துக்குடியில் இருக்கும் உங்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ராட்டர்டாமுக்கு வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பூவில் இருக்கும் பொடிக்கு ஒரு செய்தி அறிக்கையா என்று கணவரிடம் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

அமலிக்கு இளைப்பு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது அவளுக்கு ஏழு வயது. ஒரு சித்திரை மாதக் காலையில் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. நான் மருத்துவரின் உதவியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பிள்ளைக்கு இளைக்கிறது என்பதை என்னுடைய அரைகுறை டச்சில் அப்படியே மொழிமாற்றி, பிள்ளை மெலிந்துகொண்டே போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பொறுமையாக, நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கணவர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, ஒன்றும் பேசாமல், பிள்ளையின் வாயருகே வைத்தார். உடனே வரச் சொன்னார்கள்.

பிர்ச் என்கிற வெள்ளைப் பட்டை மரம்தான் காரணம் என்றார்கள். எங்கள் தெருவிலேயே வரிசையாக நிற்கிறது. அதை வெட்டச் சொல்லி நகராட்சிக்கு மனுப் போட்டேன். மரங்களுக்கு உரிமை இருக்கிறது என்கிற பொருளில் பணிவான பதில் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது இந்த வரைபடம் பார்க்கும் பழக்கம்.

இப்போது அமலிக்குப் பதினாறு. போன மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து என் அண்ணன் ரோச்சின் முதல் வருடப் பூசையை முடித்துவிட்டுத் திரும்பினேன். அண்ணன் இங்கே வந்து தங்கியிருந்தபோது ஒரு காரியம் நடந்தது. அதற்குப் பிறகு அவர் கிளம்பும்வரை நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊருக்குப் போன ஆறாவது மாதம் அவர் இறந்துவிட்டார். மனதில் எதைச் சுமந்துகொண்டு போனார் என்று தெரியாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன். காற்றைப் பற்றிப் பேசாமல் அதைச் சொல்ல முடியாது.

2

வரைபடம் படிப்பது எனக்கு லேசில் வரவில்லை. எனக்கு வேலை, பழம் இறக்குமதி செய்யும் கிடங்கில் குளிர்பெட்டிகளின் வெப்பநிலையைத் திரையில் பார்ப்பது. பச்சை என்றால் வாழைப்பழம் சுகமாக இருக்கிறது. சிவப்பு என்றால் எழுந்து ஓட வேண்டும். காற்றின் வரைபடமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறக் கணக்கு. இங்கே மஞ்சளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அதே காற்று நம் நாட்டு அட்டவணையில் போய் நின்றால் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். செயலியில் இங்கத்திய அளவுகோலில் தூத்துக்குடியைப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டுக் கத்தியிருக்கிறேன், வெளியே போகாதீர்கள் என்று. அவர் அப்போது வெளியேதான் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொன்று, அந்த நிறம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. புகை, தூசு, ஓசோன் என்று பலவற்றை அளந்து, அதில் எது மோசமோ அதன் நிறத்தை ஊருக்கே பூசிவிடும். மற்ற பாடங்களில் எல்லாம் நூறு வாங்கி ஒன்றில் தவறிய பிள்ளையை மொத்தமாகத் தவறியவன் என்று சொல்கிற மாதிரி. அளக்கும் கருவி ஊரில் ஓரிரு இடத்தில்தான் இருக்கும். நடுவில் உள்ள தெருக்களுக்குக் கணினி உத்தேசமாகப் போடுகிறது. என் தம்பி மனைவி, துறைமுகச் சாலையில் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போகிறவள். அவள் சுவாசிக்கும் காற்று எந்தக் கணக்கிலும் கிடையாது.

மகரந்தம் இதைவிடப் பழைய பாணி. ஒரு மருத்துவமனையின் மொட்டைமாடியில் காற்றை உறிஞ்சும் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே பசை தடவிய ஒரு நாடா மெல்லச் சுற்றுகிறது. அதை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஒரு ஆள் உட்கார்ந்து எண்ணுகிறார். எண்ணி முடிப்பதற்குள் அந்தக் காற்று வேறு நாட்டுக்குப் போயிருக்கும். ஆகவே நாளைக்கு என்று காட்டும் நிறம், எண்ணியதும், வெயிலும், மழையும், காற்றின் திசையும், மரம் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்த ஒரு ஊகம். ஊகம் என்பதை இங்குள்ளவர்கள் மறப்பதில்லை. நான் மறந்துவிடுவேன்.

அதற்கும் காரணம் இருக்கிறது. நம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் ஏற்றியதுதான். மீன்துறை டோக்கன் கொடுக்காது, படகு போகாது. எச்சரிக்கை என்பதும் தடை என்பதும் நமக்கு ஒரே வார்த்தை. இங்கே அப்படி யாரும் தடுப்பதில்லை. அடர்சிவப்பு காட்டிவிட்டு, முடிவு உங்களுடையது என்று ஒதுங்கிக்கொள்வார்கள். உலக வரைபடத்தைத் தள்ளித் தள்ளித் தூத்துக்குடிக்குப் போனால் மகரந்தப் பக்கத்தில் நம் ஊர் சாம்பல் நிறத்தில் கிடக்கும். மகரந்தம் இல்லை என்று அர்த்தமில்லை. எண்ணுவதற்கு ஆள் இல்லை என்று அர்த்தம்.

3

அண்ணன் தோணியில் தண்டல். சரக்குத் தோணியை ஓட்டுகிற தலைவனுக்கு ஊரில் அதுதான் பெயர். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயமும் கல்லும் மணலும் கொண்டுபோனவர். முழங்கால் மடக்க முடியாமல் போனதும் கரையேறினார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கேட்டால், கடல்ல வலை வீசினவனுக்கே ஒண்ணும் சிக்கல, நான் கல்லு ஏத்துதவன், எனக்கு என்னத்த சிக்கும் என்பார்.

அவருக்கு விசா வாங்கியது தனிக் கதை. இணைய விண்ணப்பத்தில் தொழில் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விரியும். சிற்பி இருக்கிறார், ராஜதந்திரி இருக்கிறார், தண்டல் இல்லை. கடைசியில் மாலுமி என்று போட்டோம். மாலுமி என்றால் கப்பல் நிறுவனத்தின் விடுப்புக் கடிதம் வேண்டும் என்றார்கள். ஓய்வு பெற்றவர் என்று மாற்றினோம். ஓய்வூதியச் சான்று எங்கே என்றார்கள். தோணிக்கு ஏது ஓய்வூதியம்? நேர்காணலில், உங்கள் ஊருக்குத் திரும்பிப் போவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டிருக்கிறார்கள். "அங்கன குளிருமாம்லா, எவன் இருப்பான்?" என்று அண்ணன் சொன்னாராம். விசா கிடைத்துவிட்டது.

பங்குனிக் கடைசியில் வந்து இறங்கினார். பெட்டி நிறைய மக்ரூனும் கருவாடும். மகளின் பள்ளித்தோழிகள் வந்திருந்த நேரத்தில் அவர் கருவாட்டைப் பிரித்ததும், அமலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணன் கருவாட்டைத் திரும்பக் கட்டி வைத்தார். அவள் அவரிடம் அதிகம் பேசவில்லை. அவளுடைய தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. அவருக்கு டச்சு தெரியாது. இரண்டு பேரும் ஒரே சோபாவின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆளுக்கொரு கைபேசியைப் பார்ப்பார்கள்.

என் கைபேசியில் இருந்த வரைபடம் மட்டும் அவருக்குப் பிடித்துப்போனது. காற்றின் திசையை அம்புகளால் காட்டுமே, அதை விரலால் நகர்த்திப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"ஏளா ரீத்தா, இந்தச் சிவப்புன்னா டோக்கன் கெடையாதா?"

"டோக்கன்லாம் இல்லண்ணே. பாத்துப் போங்கன்னு சொல்லுதாங்க."

"தடுக்க மாட்டானா?"

"மாட்டான்."

"அப்போ என்னத்துக்குக் கலரு அடிச்சு வச்சிருக்கான், சவத்து மூதி" என்றார்.

ஒரு மாதம் இருந்தார். எனக்கு இதைச் செய்து கொடு, அங்கே கூட்டிப் போ என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காத ஆள் வீட்டில் இருப்பது ஒருவிதத்தில் சுமைதான்.

4

கிளம்புவதற்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மகரந்த வரைபடம் முழுக்க அடர்சிவப்பு. கரையோரம் மட்டும் நிறம் கொஞ்சம் வெளிறியிருந்தது. அமலி காலையிலிருந்து தும்மிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தேன்.

அண்ணன் அம்புகளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "ஏளா, கிழக்கேருந்துலா அடிக்கு. கொண்டல்! இத விட்டுட்டு வீட்ட அடைச்சுப் போட்டிருக்க. கொண்டல் கடல் காத்து, ஒரு தூசு இருக்காது. பிள்ளைய ஒரு எட்டு கடக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். நெஞ்சு தெளிஞ்சிரும்."

தூத்துக்குடியில் பிறந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். நமக்குக் கிழக்கே கடல். மேற்கிலிருந்து வரும் கச்சான் தேரிக்காட்டுச் செம்மணலையும் உப்பளத்துத் தூசையும் வாரிக்கொண்டு வந்து கண்ணில் போடும். மத்தியானத்துக்கு மேல் கொண்டல் திரும்பினால்தான் வீட்டில் உள்ளவர்கள் மூச்சு விடுவார்கள். இது பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. நம் உடம்புக்கே தெரியும். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இங்கே கடல் மேற்கே இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் கொண்டல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் உடம்பு தூத்துக்குடிக்குப் போய்விட்டது. சரிதானே, கடல் காற்று என்று தலையாட்டினேன். கரையோரம் நிறம் வெளிறியிருந்தது வேறு தைரியம் கொடுத்தது.

"மாமாகூடப் போறியா?" என்று அமலியிடம் கேட்டேன். அவள் தன் கைபேசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சரி என்றாள். அவள் சம்மதித்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மெட்ரோ கடற்கரை வரைக்கும் போகும். நான் அண்ணனுக்கு மீன் குழம்பு வைக்க வீட்டில் இருந்துகொண்டேன். கணவருக்கு அன்று வேலை.

அங்கே நடந்ததை அப்புறம் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். கடலைப் பார்த்து இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். காற்று நன்றாக வீசியிருக்கிறது, ஆனால் முதுகில். கொண்டல் என்றால் கடலைப் பார்த்து நிற்கும்போது முகத்தில் அடிக்க வேண்டும். அது முதுகில் அடித்ததும் அண்ணனுக்கு விளங்கிவிட்டது. கிழக்கே உள்ள இரண்டு மூன்று நாடுகளின் காடுகளைத் தடவி, வழியில் ஆலைப் புகையையும் வாரிக்கொண்டு, நிலத்தின் மேல் வந்த காற்று அது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது, போகிற வழியில் என் மகள் நின்றாள்.

திரும்பி மெட்ரோவுக்கு நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. பையில் இருந்த இளைப்பு மருந்துப் பம்பை வாயில் அடித்தும் அடங்கவில்லை. அண்ணன் மொழி தெரியாமல் கடற்கரைக் காவலர் குடிசையின் கதவைத் தட்டியிருக்கிறார். முழங்கால் மடங்காத மனிதர், மணலில் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். ஆம்புலன்ஸிலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தபோது நான் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

5

ஒரு இரவு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். முகமூடி வழியாக மருந்துப் புகை போய்க்கொண்டிருந்தது. மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். மருத்துவர் இளைஞர். வரைபடத்தை என் முன்னால் விரித்து, கிழக்குக் காற்று அடித்தால் எங்களுக்கு மோசமான நாள், மகரந்தத்துக்கும் சரி, புகைக்கும் சரி என்றார். மேற்குக் காற்றுதான் இங்கே நல்லது, அது கடலிலிருந்து வருகிறது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

முந்தின இரவு அண்ணன் நடைவழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கடந்து காப்பி வாங்கப் போனேன். திரும்ப வந்தபோது கை இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துத் தலையைக் குனிந்திருந்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தேன். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. நானும்தானே தலையாட்டினேன் என்றும் சொல்லவில்லை. எனக்குள் கோபம் இருந்ததா என்று இப்போது யோசித்தால் அதுகூடச் சரியாகத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, நம்முடையதுதானா என்று விரலால் தொட்டுப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

கிளம்பும் அன்று விமான நிலையத்தில் அமலியின் தலையில் கை வைத்தார். என்னிடம், "வாரேம்ளா" என்றார். அவ்வளவுதான்.

ஊருக்குப் போன பிறகு காலையில் கூப்பிடுவார். முன்பும் கூப்பிடுவார்தான், ஆனால் இப்போது முதல் கேள்வி மாறிவிட்டது.

"காத்து எங்கருந்து?"

மேற்கே என்றால், சரி என்று வேறு பேச்சுக்குப் போவார். கிழக்கே என்றால், "அப்போ ஜன்னல சாத்து" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் எடுக்கவில்லை. பிர்ச் பருவம் முடிந்து, புல் பருவம் முடிந்து, மகரந்தமே இல்லாத மாதங்கள் வந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல சாத்து என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலி கண்ணில் வரும். சொல்லிவிடலாம் என்று நினைப்பேன், அண்ணே உங்க மேல ஒண்ணும் இல்ல என்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று சாத்திவிடுவேன்.

6

நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தம்பி போன் செய்தபோது நான் கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றேன். கேட்டுக்கொண்டே முட்டையும் பாலும் பையில் எடுத்து வைத்தேன். முட்டையை மேலே வைக்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. கடைக்காரப் பெண்ணுக்கு நல்ல மாலையாக அமையட்டும் என்று வாழ்த்துச் சொன்னேன்.

அப்போது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் இருந்தது. அவசரம் என்றால் தனி விண்ணப்பம் உண்டு, அதற்கு இறப்புச் சான்று வேண்டும், ஊரில் சான்று கிடைக்கச் சில நாளாகும் என்றார்கள். ஊரில் மறுநாளே அடக்கம். தம்பி கைபேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். படம் அடிக்கடி உறைந்து நின்றது. பெட்டி கோயில் வாசலில் பாதியில் நின்றுவிட்டது, மறுபடி அசைந்தபோது கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. அமலி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். என்ன பிள்ளை இது, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று நினைத்தேன். எனக்கும் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஒரு வருடம் அப்படியே போனது. வேலைக்குப் போனேன், வாழைப்பழங்களைப் பச்சையாக வைத்திருந்தேன். காலையில் யாரும் காற்றைக் கேட்கவில்லை. நானாகப் பார்த்து, கிழக்கு என்றால் சாத்தினேன்.

வருடப் பூசைக்கு அமலியையும் கூட்டிப் போக நினைத்தேன். இலையுதிர்கால விடுமுறை பூசை கழிந்து இரண்டு நாள் தள்ளித்தான் தொடங்கியது. இங்கே பள்ளி நாளில் பிள்ளையை அனுமதியில்லாமல் கூட்டிப்போனால் அபராதம். பள்ளியின் வருகை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இறந்தவர் யார்? தாய்மாமன். அவர் அட்டவணையைப் பார்த்து, மூன்றாம் நிலை உறவு, இறுதிச் சடங்குக்கு ஒரு நாள் உண்டு என்றார். எப்போது இறந்தார்? போன வருடம். அவர் கண்ணாடியைக் கழற்றினார். போன வருடம் இறந்தவருக்கு இப்போது இறுதிச் சடங்கா? தாய்மாமன் என்றால் எங்களுக்கு எத்தனையாவது நிலை என்று அந்த மொழியில் விளக்க என்னால் முடியவில்லை. நான் விட்டுவிட்டேன். அமலிதான் மறுநாள் தானே போய்ப் பேசி அனுமதி வாங்கி வந்தாள். என்ன சொன்னாய் என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

7

பூசை காலையில் முடிந்தது. சாமியார் அண்ணனின் பெயரை ஒரு நீண்ட வரிசையின் நடுவில் வாசித்தார். கல்லறையில் மெழுகுதிரி கொளுத்தினோம், காற்றில் நிற்கவில்லை. எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். அண்ணன் கடைசியாக இருந்த மாடி அறையில் நானும் அமலியும் படுத்திருந்தோம். கட்டிலும் ஒரு மின்விசிறியும் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னலும்தான் அந்த அறை. ஜன்னலில் கடல் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. ஜன்னல் கதவு படபடவென்று அடித்தது. நான் எழுந்து போய்ச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். யோசித்துச் செய்ததில்லை, கை செய்துவிட்டது.

"அம்மா, தெற" என்றாள் அமலி.

"கிழக்குக் காத்து" என்றேன்.

அவள் எழுந்து வந்தாள். வழக்கமாக டச்சில் பேசுகிறவள். அவள் டச்சில் சொல்வதையெல்லாம் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன், ஆனால் அடுத்ததை அவளே தமிழில் சொன்னாள். "இது கொண்டல்மா. இங்கன இது கடல் காத்து."

இங்கன. அவளுக்கு நான் அந்தச் சொல்லைக் கொடுத்ததில்லை. எங்கே படித்தாய் என்று கேட்டேன்.

"மாமா. கடற்கரையில வச்சுச் சொன்னாங்க. காத்து தப்பாயிருக்குன்னு சொல்லிட்டு, எங்க ஊர்ல எப்படி நிக்கணும்னு திரும்பி நின்னு காட்டினாங்க. எனக்கு அது முன்னாடியே தெரியும்."

"எது தெரியும்?"

"அன்னைக்குக் கிழக்குக் காத்து மோசம்னு. காலையிலேயே மேப் பாத்தேன். கரையில வெளிறித் தெரியுறது ஊகம்தான்னும் தெரியும்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். "தெரிஞ்சு எதுக்குப் போன?"

"மாமா ஒரு மாசமா ஒண்ணுமே கேக்கலம்மா. அன்னைக்குத்தான் முதல்தடவை கேட்டாங்க. மூணு நாள்ல போறாங்க. பம்ப் பையில இருந்துச்சு. இவ்வளவு ஆகும்னு நினைக்கல."

இத்தனை நாள் உள்ளே கிடந்தது வெளியே வந்தது. "அவங்களுக்கு இது தெரியாமலே போச்சே, அமலி. தன்னாலதான் ஆச்சுன்னு நெனச்சுட்டே செத்துப் போயிட்டாங்களே."

"சொல்லிட்டேனே" என்றாள் அவள். "ஆஸ்பத்திரியிலேயே. நீ காப்பி வாங்கப் போனப்ப மாமா உள்ள வந்தாங்க. அழுதாங்க. நான் முகமூடியத் தூக்கிட்டு, எனக்குத் தெரியும் மாமா, தெரிஞ்சுதான் வந்தேன்னு சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன், ரொம்ப நேரமாச்சு சொல்லி முடிக்க."

"என்ன சொன்னாங்க?"

"தெரிஞ்சே வந்தியா, சவத்து மூதின்னு திட்டினாங்க. அப்புறம் சிரிச்சாங்க. ரொம்பச் சிரிச்சாங்க, ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பாத்தா. அம்மாட்ட சொல்லிராத, ரெண்டு பேரு தோலயும் உரிச்சிருவான்னு சொன்னாங்க. நீ வர்ற சத்தம் கேட்டதும் நொண்டிக்கிட்டே வேகமாப் போய் நாற்காலியில உக்காந்துக்கிட்டாங்க."

தொடைக்கு நடுவில் கை வைத்து உட்கார்ந்திருந்தாரே, அது. நான் அவமானம் என்று நினைத்தது. திருடித் தின்ற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஊருக்கு வந்தப்புறமும் எனக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க. இங்கன கொண்டல், அங்கன என்ன கலருன்னு. நான் கலர் அனுப்புவேன்." கைபேசியை எடுத்துத் திரையைத் தள்ளினாள். நீளமாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அண்ணனின் குரல் கோடுகள். நடுவில் அவள் அனுப்பிய பச்சை, மஞ்சள், சிவப்புப் பொட்டுகள். "போடவா?"

"வேண்டாம்" என்றேன். "பெறகு."

இரண்டு பேரும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு கோபம் என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது, சொல்லாமல் கொள்ளாமல்.

அமலி கொக்கியைக் கழற்றினாள். கதவு படாரென்று விரிந்து சுவரில் மோதியது. நான் எழுந்து போய்க் கடலைப் பார்த்து நின்றேன். காற்று முகத்தில் அடித்தது.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "அழுறியாம்மா?"

"இல்ல. மகரந்தம்."

"இந்த ஊருக்கு அதுக்கு மேப்பே கெடையாதும்மா" என்றாள்.